டுரியான் தராசில் ஒரு மடிக்கணினி

சுகுமாறன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பொருளைப் பார்ப்பதற்கு முன் ரசீதைத்தான் பார்ப்பார். "உங்க ரெசிட் எப்படி இருக்கும், ஒண்ணு காட்டுங்களேன்" என்று கேட்பார். அதில் கடையின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும், பொருளின் வரிசை எண் இருக்க வேண்டும், எழுத்து மங்கிப்போகிற வழவழப்புத் தாளாக இருக்கக் கூடாது. மங்குகிற தாள் என்றால் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே நகல் எடுத்துவிடுவார். மின்விசிறியிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்சக்கர டயர் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. எல்லா உறைகளும் ஒரு தடித்த நீலக் கோப்பில் வரிசையாக நிற்கும். அந்தக் கோப்புக்கு அவருடைய மனைவி மலர் வைத்திருந்த பெயர் 'மூத்த பிள்ளை'.

"வெள்ளம் வந்தா மொதல்ல அதத்தான் தூக்குவாரு. நான் பின்னாடி நீந்தி வரணும்" என்று மலர் அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. மலர், மலேசியாவில் அடிக்கடி வெள்ளம் புகும் கோத்தா திங்கியில் பிறந்தவர்; வெள்ளத்தைப் பற்றிப் பேச உரிமையுள்ளவர்.

இந்தப் பழக்கம் சுகுமாறனுக்குப் பிறவியிலேயே வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் அவர் முதன்முதலாக ஒரு மடிக்கணினி வாங்கினார். கடைக்காரர் மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டியது ஒன்று. பெட்டியில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. பெட்டிக்குள் இருந்தது, யாரோ உழைத்துத் தேய்த்த பழைய உறுப்புகளைத் துடைத்துப் பூட்டிய இயந்திரம். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் ரசீதைக் கேட்டார். ரசீதோ சட்டைப்பையிலேயே தங்கி, துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் சென்று, கூழாகிவிட்டிருந்தது. "ரெசிட் இல்லன்னா இது எங்க கடை சாமான்னு நான் எப்படி நம்புறது?" என்று அந்த மனிதர் கேட்டார். முந்தின வாரம் அதே மனிதர் அதே கையால் அவரோடு கைகுலுக்கியிருந்தார்.

சுகுமாறன் சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கணினியைப் பிரித்தார். எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மாற்ற வேண்டியவற்றை மாற்றினார். எல்லாரும் குப்பை என்று சொன்ன அந்த இயந்திரத்தை இந்த ஆண்டின் நடுப்பகுதி வரை ஓட்டினார். பிறகு அது தானாகவே கண்ணை மூடிக்கொண்டது.

அது கண்ணை மூடிய நேரம் சரியில்லை.

பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில், இயந்திரங்களைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்புகளைப் பார்த்துக்கொள்வது சுகுமாறனின் வேலை. பள்ளிப்படிப்பு ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, நின்றுவிட்டது. மற்றதையெல்லாம் கையேடுகளைப் படித்தும் பழுதைப் பிரித்தும் தாமாகவே கற்றவர். மேற்பார்வையாளர் பதவிக்கு அவர் பெயர் இரண்டு முறை போனது. பட்டம் இல்லை என்ற காரணத்தால் இரண்டு முறையும் திரும்பி வந்தது. அந்த இரண்டு கடிதங்களும் கோப்பில் இருக்கின்றன. மூன்றாவதாக அப்படியொரு கடிதம் வரக் கூடாது என்று, நாற்பத்தாறாம் வயதில், வார இறுதிகளில் வகுப்பு நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்குச் சேர்ந்தார். பாடம், வரைபடம், வீட்டுப்பாடம், தேர்வு எல்லாமே கணினி வழியாகத்தான்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி அவருடைய தம்பி செல்வா.

செல்வா ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். அண்ணனும் தம்பியும் தொலைபேசியில் பேசினால் "சாப்டியா", "அங்க மழையா" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். இருவருக்கும் வாய் திறப்பது ஓரிடத்தில்தான். அது கணினியில் லாரி ஓட்டும் ஒரு விளையாட்டு. ஞாயிறு மாலைகளில் ஆளுக்கொரு லாரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு, நேரில் பார்த்தே இராத ஐரோப்பியச் சாலைகளில் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். காதில் மாட்டிய கருவியில் பேச்சு ஓடும். செல்வாவுக்கு முந்தைய வேலை போனது, அவனுடைய திருமணப் பேச்சு முறிந்தது, வால்வைத் திருகும்போது சுகுமாறனின் வலத் தோள் பிசகி அறுவை சிகிச்சைக்கு அவர் பயந்தது என்று எல்லாவற்றையும் அவர்கள் நெடுஞ்சாலையில்தான் சொல்லிக்கொண்டார்கள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கைப் பார்த்தால் போதும். பழைய கணினி நின்றதிலிருந்து செல்வாவின் செய்திகள் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெறும் கட்டைவிரல் படமாகிவிட்டன.

ஆகவே வாங்கப் போகும் புதிய கணினி பட்டத்தையும் சுமக்க வேண்டும், தம்பியையும் சுமக்க வேண்டும். கூடவே அந்தக் கணினியைச் சுமக்கப் போவது பிசகி ஆறிய தோள். பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளும் கோப்பில்தான் இருக்கிறது. இந்த ஆண்டு போனஸ் ஒரு கணினிக்குத்தான் காணும். தவறாக வாங்கினால் பட்டம் முடியும் வரை அதோடுதான் மாரடிக்க வேண்டும்.

தொழிற்சாலைப் பேருந்தில் இந்தச் செய்தி பரவியதும் ஆளாளுக்கு ஆலோசனை சொன்னார்கள். பேருந்து ஓட்டுநர் ஐயாசாமி கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"லாரி ஓட்டுறதுக்கா லேப்டாப் வாங்குறீங்க? என் பஸ்ஸ ஓட்டுங்க சார். நான் பின் சீட்டுல படுத்துக்கறேன். படிப்புக்குப் படிப்பும் ஆச்சு."

"பஸ்ஸுல படிப்பு எங்கருந்து வரும்?"

"ஜாம்ல நிப்போம்ல, அப்ப படிங்க."

சுகுமாறன் சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். வேலை என்றால், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் படித்தார். விளையாட்டுக்கென்றே செய்யப்படும் கணினிகள் வலிமையானவை, ஆனால் கனமானவை. அவற்றின் சார்ஜர் ஒரு செங்கல். கடைகளில் எழுதி வைத்திருக்கும் எடையில் அந்தச் செங்கல் சேர்வதில்லை என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். மெல்லியவை தோளுக்கு நல்லவை. ஆனால் படத்தை வரைவதற்கென்று தனிச் சில்லு இல்லாததால், லாரி மலைச்சாலையில் ஏறும்போது படம் திக்கித் திணறும். நடுவில் ஒரு வகை உண்டு. உடல் மெல்லியது, தனிச் சில்லு உண்டு, ஆனால் அந்தச் சில்லு மிகப் பெரியது அன்று. போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது போதாது, லாரிக்குப் போதும். ஐரோப்பாவில் யாரும் அவரைச் சுடப் போவதில்லை.

மெல்லிய உடலில் நினைவகத்தைப் பெரும்பாலும் பலகையோடு ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. எனவே அதை மட்டும் முதலிலேயே தாராளமாக வாங்க வேண்டும். வகுப்பறையில் மின்செருகி பின்சுவரில் மட்டுமே இருப்பதால் மின்கலம் ஒரு வகுப்பு முழுவதும் தாங்க வேண்டும். விசிறிச் சத்தம் விரிவுரையாளரைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கூடாது. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலரோடு ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டார். பையில் நீலக் கோப்பு இருந்தது. கூடவே, டுரியான் பழக் காலத்தில் மலர் பயன்படுத்தும் கொக்கித் தராசும் இருந்தது.

அவர்கள் போன கடை ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்தது. அதை நடத்தியவள் ஆப்ரின் என்ற இளம்பெண். அவளுடைய வாப்பா கீழ்த்தளத்தில் உணவகம் வைத்திருப்பவர். ரசீதைக் காட்டச் சொன்னபோது அவள் திகைக்கவில்லை. புத்தகத்திலிருந்து மாதிரி ஒன்றைக் கிழித்து, "படிங்க அங்கிள். சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று நீட்டினாள். ரசீது தேறியது. சுகுமாறன் தமக்குப் பிடித்த நடுத்தர வகையைச் சுட்டிக் காட்டி, சார்ஜரோடு சேர்த்துத் துணிப்பையில் போடச் சொன்னார். பிறகு தராசை எடுத்துப் பையை அதில் மாட்டித் தூக்கிப் பிடித்தார்.

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அங்கிள், டுரியானா வாங்க வந்தீங்க?"

"தட்டிப் பாக்கலேன்னு சந்தோசப்படும்மா" என்றார் மலர். "வீட்டுல தட்டிக் காது வெச்சும் பாப்பாரு."

"எத்தன கிலோ காட்டுது?" என்று கேட்டாள் ஆப்ரின்.

"சார்ஜரோட சேத்து ரெண்டுக்குக் கீழ" என்றார் சுகுமாறன். அவர் முகத்தில் அன்று முதன்முறையாக மலர்ச்சி தெரிந்தது. "சரியாத்தான் எழுதியிருக்காங்க."

காட்சிக்கு வைத்திருந்த கணினியில் ஆப்ரின் அந்த லாரி விளையாட்டையே ஓட விட்டாள். லாரி வழுக்கிக்கொண்டு போனது. மலைப்பாதையிலும் படம் திக்கவில்லை; விசிறி முணுமுணுத்ததோடு சரி. வாங்குவதென்று முடிவாயிற்று. ஆப்ரின் உள்ளேயிருந்து புதுப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இங்கயே தொறந்து, ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க அங்கிள்."

சுகுமாறனுக்கும் அதுதான் விருப்பம். ஒருமுறை ஏமாந்த மனிதர் வேறெப்படி நினைப்பார்? ஆனால் மலர் குறுக்கே கையை நீட்டினார்.

"இந்த வாரம் ஆயுத பூசை. பூசையில வெச்சுட்டு, விசயதசமி அன்னிக்கித்தான் மொதல்ல போடணும். படிப்புச் சாமான். எல்லா நாளும் கெடக்கு, இவ்ளோ கிட்டத்துல வெச்சுக்கிட்டு இன்னிக்கி எதுக்கு?"

பூசையை மீறுவதா, முறையை மீறுவதா என்று சுகுமாறன் சிறிது நேரம் நின்றார். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். பெட்டியைத் திறந்து, வரிசை எண்ணை ரசீதோடு ஒப்பிட்டு, திருகுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, மின்சாரம் கொடுக்காமலே மூடி வாங்கினார். ஒரு வாரத்துக்குள் பழுது தெரிந்தால் மாற்றிக் கொடுப்போம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டார். ஆப்ரின் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

தொழிற்சாலையில் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பம்புகளுக்குச் சந்தனம் வைக்கிறவர் சுகுமாறன்தான். மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடச் சுண்டலுக்காகவும் பொரிகடலைக்காகவும் காத்திருப்பார்கள். கனத்த இரும்பின்மேல் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைப்பார். ஒரே இழுப்பு, கோணல் இருக்காது. இந்த ஆண்டும் பகலில் அங்கே முடித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள், சுத்தியல், தையல் இயந்திரம், டுரியான் தராசு எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கணினியிடம் வந்தார்.

மேல்மூடியில் வைக்கலாமா என்றால் கறை படியும். திரையில் வைக்கக் கூடாது. விசைகளில் வைத்தால் உள்ளே போகும். இவ்வளவையும் யோசித்து, கணினியைக் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் பூசினார். வழவழப்பான உலோகத்தில் குழைத்த சந்தனம் பிடிக்காமல் வழுக்கியது. சற்றுத் தள்ளி, நீளவாக்கில் துளைகள் போட்ட சொரசொரப்பான பகுதி ஒன்று இருந்தது. பழைய கணினிக்குக் காற்றுத் துளைகள் பக்கவாட்டில் இருந்ததால், இது ஒலி வருகிற இடம் போலும் என்று எண்ணினார். அங்கே சந்தனம் அழகாகப் பிடித்துக்கொண்டது. ஒன்றுக்கு மூன்றாகக் கெட்டியாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். பிறகு நிமிர்த்தி, புத்தகங்களின் மேல் வைத்து, பூ சாத்தினார்.

விசயதசமி மாலை கணினிக்கு முதன்முதலாக உயிர் வந்தது. பாடங்கள் திறந்தன, பல்கலைக்கழகத்தின் பக்கம் திறந்தது, சனிக்கிழமை நடக்கவிருக்கும் இடைத்தேர்வுக்கான மென்பொருளும் ஏறியது. சுகுமாறன் மனம் நிறைந்து செல்வாவை அழைத்தார். விடுமுறை நாளில் தூங்கிக்கொண்டிருந்தவன் துள்ளி எழுந்து வந்தான். இரண்டு லாரிகளும் புறப்பட்டன.

"ண்ணே! எத்தன மாசம் ஆச்சு! எங்க, ஹாரன் அடி பாப்போம்!"

சுகுமாறன் அடித்தார். இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய லாரி விக்கத் தொடங்கியது. நின்றது, பாய்ந்தது, மறுபடி நின்றது.

"ண்ணே, ஏன் இப்படித் தள்ளாடுற? தண்ணி போட்டியா?"

"டேய், படம் நின்னு நின்னு வருதுடா."

"புது லேப்டாப்புன்னு சொன்ன?"

"புதுசுதான்."

"பாலத்த ஒடச்சிட்ட பாரு. அலமாக்! வண்டிய ஓரங்கட்டு ண்ணே. நாளைக்குப் பாப்போம்லா."

செல்வா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுகுமாறனுக்குச் சிரிப்பு வரவில்லை. விசைகள் விரலைச் சுட்டன. விசிறி மூச்சு முட்டியது போல அலறியது. சமையலறையிலிருந்து வந்த மலர் நின்று, மூக்கை உறிஞ்சினார்.

"வீடே சந்தனமா மணக்குது பாருங்க. சாமி எறங்கியிருக்கு."

"பூச மாடம் பக்கத்துல இருக்கு, மணக்காம என்ன செய்யும்?" என்று சுகுமாறன் எரிந்து விழுந்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து மீண்டும் பார்த்தார். விளையாட்டை விட்டுவிட்டுத் தேர்வு மென்பொருளை மட்டும் ஓட்டினார். கேமராவும் சேர்ந்து ஓடவே, கொஞ்ச நேரத்தில் அதுவும் உறைந்து நின்றது. நாளை தேர்வின் நடுவே இப்படி நின்றால் எழுதியது போய்விடும். அவர் மனம் வேறெங்கும் போகவில்லை. நேராகப் பழைய கடைக்குப் போயிற்று. காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று. காட்சிக்கு இருந்தது மலை ஏறியது. பெட்டியில் வந்தது சமதளத்திலேயே மூச்சு வாங்குகிறது. மறுபடியும் அதேதான் நடந்திருக்கிறது.

"அந்தப் பொண்ணு அப்படிச் செய்ற பொண்ணாத் தெரியலங்க" என்றார் மலர்.

"அவனும்தான் தெரியல. கைகுடுத்தான்."

"ஒங்களுக்கு ஒருத்தன் குழி வெட்டுனான்னு ஊருல எல்லார் கையிலயும் மண்வெட்டி இருக்கணுமா?"

சுகுமாறன் அலமாரியைத் திறந்தார். கணினி, சார்ஜர், நீலக் கோப்பு எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். மலர் பின்னால் ஏறிக்கொண்டார். கடை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். இந்த முறை அவரிடம் ரசீது இருந்தது, வரிசை எண்ணின் படம் இருந்தது, கையெழுத்திட்ட வாக்குறுதி இருந்தது. இத்தனை ஆண்டுகளாக எந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாரோ, அந்தக் கேள்வியை இன்று யார் கேட்டாலும் பதில் இருந்தது. படியேறும்போது வலத் தோள் வலித்தது. அவர் பொருட்படுத்தவில்லை.

ஆப்ரின் கல்லாவில் இருந்தாள். சுகுமாறன் ஒவ்வொரு தாளாக எடுத்து அவள் முன்னால் அடுக்கினார். குரலை உயர்த்தவில்லை.

"நீ காட்டுனது ஒண்ணும்மா, குடுத்தது ஒண்ணு. சண்ட போட வரல. மாத்திக் குடு, போதும்."

ஆப்ரினின் முகம் சுருங்கியது. "அப்படியெல்லாம் நாங்க செய்ய மாட்டோம் அங்கிள்" என்றாள். ஆனால் ரசீதைக் கேட்கவில்லை. தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணினியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து லாரியை ஓட விட்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி புறப்பட்டது. விசிறி அலறத் தொடங்கியது. படம் விக்கியது.

"பாத்தியா?" என்றார் சுகுமாறன்.

ஆப்ரின் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மூக்கை உறிஞ்சினாள்.

"யாராச்சும் சந்தனம் பூசிட்டு வந்திருக்கீங்களா?"

யாரும் பூசவில்லை. அவள் குனிந்து, கணினியின் பின்விளிம்பில் காற்று வெளிவரும் இடத்தில் முகத்தை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் அகன்றிருந்தன. கணினியை அணைத்து மெல்லக் கவிழ்த்தாள்.

அடிப்பக்கத்தில், காற்று உள்ளே போகும் துளைகளின் மேல், மூன்று பட்டையாகச் சந்தனம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. ஒரே இழுப்பு, கோணல் இல்லை. நடுவில் குங்குமம்.

முதலில் மலர் சிரித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமி எறங்குச்சுன்னு நெனச்சேன். காத்துதான் எறங்கல!"

சுகுமாறன் அசையவில்லை. பம்புகளின் காற்றுச் சல்லடையில் கந்தல் துணியைத் தொங்கவிட்ட புது ஆட்களை அவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். "அதுக்கும் மூச்சு வேணும்யா" என்பார். அந்தச் சொல் இப்போது அவருடைய காதிலேயே வந்து விழுந்தது. ஒரு பெண்பிள்ளையை நாலு பேர் முன்னிலையில் ஏமாற்றுக்காரி என்று சொல்லியாயிற்று. மேசைமேல் அடுக்கிய தாள்கள் அப்படியே கிடந்தன.

"நான்தான்மா வெச்சேன்" என்றார். "சத்தம் வர எடம்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடது. ஒன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிரு."

ஆப்ரினுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். ஆனால் அந்த மூன்று பட்டையின் நேர்த்தியைப் பார்த்தபோதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது.

"பரவால்ல அங்கிள். எங்க வாப்பா புதுக் கல்லாவுக்குப் பாத்திஹா ஓதி, அத்தர ஊத்தித் தேச்சாரு. பில் மிஷின் ஒரு வாரம் எழுந்திரிக்கல. இன்னிக்கும் பில்லு மணக்கும், கீழ போய் மோந்து பாருங்க."

அவள் அடிமூடியைக் கழற்றினாள். சந்தனப்பொடி விசிறிவரை போயிருந்தது. தூரிகையாலும் காற்றாலும் துளைதுளையாகச் சுத்தம் செய்து மூடி, மறுபடி ஓட விட்டாள். லாரி மலையேறியது. விசிறி முணுமுணுத்தது. விசைகள் குளிர்ந்திருந்தன. சுகுமாறன் உள்ளங்கையைப் பின்விளிம்பில் வைத்துப் பார்த்தார். காற்று தாராளமாக வந்தது. அவர் வாங்கியது சரியான கணினி. யாரும் அவரை ஏமாற்றவில்லை.

ஆப்ரின் பழுதுச் சீட்டை எடுத்தாள். காசு வேண்டாம், பதிவுக்கு மட்டும் என்றாள். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தூசின்னு போட்டுடறேன் அங்கிள்."

"வேணாம்மா."

"யாரும் பாக்க மாட்டாங்க."

"என் ஃபைல்ல இருக்கும்ல. அதுல பொய்யான தாளு ஒண்ணு இல்ல. என்ன நடந்துச்சோ அதயே எழுது."

ஆப்ரின் மலாயில் எழுதினாள்: காற்று வழியில் 'சென்டானா', அதாவது சந்தனம், வாடிக்கையாளர் பூசியது, கணினியில் பழுதில்லை. சுகுமாறன் நிதானமாகப் படித்துக் கையெழுத்திட்டார். அந்தக் கோப்பில் இதுவரை இருந்த தாள்களெல்லாம் மற்றவர்கள் அவருக்குச் செய்தவற்றைச் சொல்பவை. இந்தத் தாளை அவர் தனி உறையில் போட்டு, அந்த இரண்டு கடிதங்களுக்குப் பின்னால் செருகினார்.

"அப்படியே இதையும் தூக்கிப் பாருங்க ஆன்ட்டி" என்று ஆப்ரின் கோப்பைக் காட்டினாள். மலரின் கைப்பையில் தராசு இருந்தது. பூசைச் சந்தனத்தைக் கழுவியபின் வழக்கம்போல் அதைப் பைக்குள் போட்டு வைத்திருந்தார். கோப்பைத் துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினார்கள். முள் கணினியின் எடையைத் தாண்டி, சார்ஜரையும் தாண்டிப் போய் நின்றது.

"எடை கொறஞ்ச லேப்டாப்புன்னு மாசக்கணக்கா தேடுனீங்களே" என்றார் மலர். "மூத்த பிள்ள குண்டா இருக்கான், பாக்கலியா?"

சுகுமாறன் தோளைத் தடவிக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார்.

கீழே ஆப்ரினின் வாப்பா கடையில் நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக் குடித்தார்கள். பில்லை மலர் மோந்து பார்த்து, "உண்மைதான்" என்றார். சுகுமாறனும் மோந்து பார்த்துவிட்டு, வழக்கம்போல மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை தேர்வில் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒரு கேள்வி வெப்பம் வெளியேறும் வழியைப் பற்றியது. அதை எழுதும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு மாலை இரண்டு லாரிகளும் புறப்பட்டன. சந்தனக் கதையைக் கேட்டு செல்வா சிரித்த சிரிப்பில் அவனுடைய லாரி புல்வெளியில் இறங்கிவிட்டது.

"ண்ணே, பம்புக்காரன் நீ! நீயே அடச்சியா?"

"நானேதான்டா. ரெசிட் வெச்சிருக்கேன்."

"அனுப்பு. பிரேம் போட்டு மாட்டறேன்."

மலைச்சாலை வந்தது. செல்வாவின் லாரி முன்னால் ஏறியது. பிறகு செல்வா, "ண்ணே, ஒரு விசயம் சொல்லணும். ஒரு பொண்ணு இருக்கா" என்றான். சுகுமாறன் வேகத்தைக் குறைத்து, தம்பியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே, "சொல்லு, நிதானமா சொல்லு" என்றார்.

அடுத்த வகுப்புக்குச் சுகுமாறன் புறப்பட்டபோது பையில் கணினியும் சார்ஜரும் இருந்தன. நீலக் கோப்பு அலமாரியில் இருந்தது. மலர் பையைத் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு அவருடைய இடத் தோளில் மாட்டிவிட்டார். பையின் உள்ளறையில் அவர் மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளை, கணினியின் ரசீதை, மலர் பார்த்தார். பார்க்காதது போல ஜிப்பை இழுத்து மூடினார்.